சீவிய ஓரம்

சவுரியம்மாளுக்குப் பயம் இன்னதுக்கென்று கிடையாது. கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் உட்காரமாட்டாள். மகள் ஜெனிஃபா டியூஷனிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். அவள் புருஷன் அன்பரசனுக்கு லாரி ஷெட்டில் வேலை. "உன்னக் கட்டின நாள்லர்ந்து நான் ஒரு வாட்டிகூட பயந்ததில்ல. எனக்கும் சேத்து நீயே பயந்துடற" என்பான்.

ஆனால் வேலையில் அந்தப் பயம்தான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 1990இல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தபோது அவளைச் சீவுகிற மிஷினில் உட்கார வைத்தார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகள் வெட்டி வரும். எந்த ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டுமோ அந்த ஓரத்தின் உள்பக்கத்தைச் சீவி மெல்லிசாக்க வேண்டும். சீவாமல் மடித்தால் மடிப்பு தடித்து நிற்கும். சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையர் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு மொத்த லாட்டையே தள்ளிவிடுவான். ஒன்பது வருஷம் அவள் ஓரம் சீவினாள். அவள் சீவிய ஓரம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

1999இல் சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரே ஆள் முழு ஷூவையும் செய்ய வேண்டும், ஓரம் சீவுவதும் கைக் கத்தியால்தான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கெட்டுப்போன சாம்பிள்களை எடுத்துத் தையல் பிரித்து, எந்தத் துண்டு எதன்மேல் ஏறி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எதையும் மூன்று தடவை அளப்பாள். பக்கத்து மேசை சைரா, "இன்னாக்கா, ராத்திரியில தோல் வளந்துடுமா?" என்று கேட்பாள்.

2006 ஜூன் மாதம் கம்பெனி ஆபீசில் வேலை செய்த ஒருவர், தன் உறவுக்காரப் பெண் ஒருத்தியைச் சாம்பிள் ரூமுக்கு அழைத்து வந்தார். பெயர் ஃபீபி. வேலூரில் ஒரு வாத்தியாரின் மகள். சென்னையில் டாக்டர் பட்டம் முடித்துவிட்டு, வேலூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் மேற்கொண்டு இரண்டு வருஷ ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். தோளில் ஒரு பெரிய பை.

"டாக்டரம்மா, எனக்கு ஷூதான் தெரியும்" என்றாள் சவுரியம்மாள், பை திறக்கும் முன்பே.

"நான் ஊசி போடற டாக்டர் இல்லக்கா. மனுஷங்க எப்படி விழறாங்கன்னு படிக்கறேன்."

"விழறதுல படிக்க இன்னாம்மா இருக்கு? வழுக்குச்சு, விழுந்தான்."

சைரா சிரித்துவிட்டாள். ஃபீபியும் சிரித்தாள். பிறகு சவுரியம்மாளை எழுந்து நிற்கச் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னாள். ஒரு காலைத் தூக்கச் சொன்னாள். சவுரியம்மாள் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? கண்ணு ஒண்ணு, காதுக்குள்ள ஒண்ணு, பாதம் ஒண்ணு. இந்த மூணும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் நம்மள நிக்க வைக்குது. நான் கண்ணுக்கு மட்டும் பொய் சொல்றேன். தலையில ஒண்ணு மாட்டுவேன், ஹெல்மெட் மாதிரி. அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல செஞ்ச ஒரு ஹால் தெரியும். திடீர்னு அந்த ஹால் சாயும். நிக்கற எடம் சாயாது, கண்ணுக்குத்தான் சாயும். இது பொய்னு உடம்பு எவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிக்குதுன்னு அளக்கறேன். வயசானவங்களுக்கு லேட்டாவுது. சில பேர் விழுந்துடறாங்க."

"விழுந்துட்டா?"

"அதுக்குத்தான் இது."

பையிலிருந்து அவள் எடுத்தது ஒரு ஹார்னஸ். மார்பையும் தொடைகளையும் சுற்றிக் கட்டுகிற நைலான் பட்டைகள். இரண்டு தோளிலும் வளையம். அங்கிருந்து கூரைக் கொக்கிக்குக் கயிறு போகும். வெளிநாட்டு ஆளின் உடம்புக்குச் செய்தது. பேரணாம்பட்டிலிருந்தும் பள்ளிகொண்டாவிலிருந்தும் வருகிற நாற்பது கிலோ பெரியவர்கள் அதற்குள் நழுவினார்கள். பட்டை தொடையை அறுத்தது. தோலில், சின்னதாக, உறுத்தாமல் ஒன்று வேண்டும் என்றாள் ஃபீபி.

"கயிறு இறுக்கமா இருக்குமா?"

"இல்லக்கா. இறுக்கிட்டா அதுவே அவங்கள நிக்க வெச்சிடும். ஒரு சாண் தளர்வா விடுவேன்."

சவுரியம்மாள் இரண்டு நாள் யோசித்தாள். ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், வேறு யாராவது செய்தால் இவ்வளவு பயத்தோடு செய்யமாட்டார்கள் என்று தோன்றியதுதான்.

மூன்று வாரம் ஆயிற்று. நாலு மில்லிமீட்டர் தடிமனுள்ள எருமைத் தோலை வாங்கி, காயமோ உண்ணிக் குறியோ இல்லாத முதுகுப் பகுதியில் மட்டும் வெட்டினாள். இரண்டு ஊசி, மெழுகு நூல், கைத்தையல். தோளில் வளையத்துக்குள் வாரை விட்டு மடித்துத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தும் குனிந்தும் பார்த்தாள். சாம்பிள் ரூமை விட்டு எது வெளியே போனாலும் அதைப் போலவே ஒன்று சீட்டுக் கட்டி அலமாரியில் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு. அந்தப் பழக்கத்தில் ஒரு தோள் வாரைக் கூடுதலாகச் செய்து, தேதி எழுதி மாட்டி வைத்தாள். ஆகஸ்டு முதல் வாரம் ஃபீபி வந்து ஹார்னஸை வாங்கிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை. திங்கட்கிழமை பையர் வருகிறான் என்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சைரா அந்தத் தோள் வாரைக் கையில் எடுத்தாள்.

"இது இன்னாக்கா, யானைக்கு ஷூவா?" பிறகு வளையம் இருந்த இடத்தைத் தடவினாள். "ஆனா கை கைதான்க்கா உனக்கு. இவ்ளோ மொத்தத் தோலு, மடிப்பு பாரு, காயிதம் மாதிரி கீது."

சவுரியம்மாள் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வாரை வாங்கி, தடிமன் பார்க்கிற கேஜில் வைத்தாள். வாரின் நடுவில் நாலு மில்லி. வளையத்தில் திரும்புகிற இடத்தில் ஒன்றரை.

அதைச் சீவியது அவளுக்கு நினைவே இல்லை. எப்போது கத்தியை எடுத்தாள், எப்போது வைத்தாள்? மடிப்பு என்றதும் கை தானாகச் சீவியிருக்கிறது. ஒன்பது வருஷம் சீவிய கை. மூன்று தடவை அளந்தாள். நீளத்தை அளந்தாள், அகலத்தை அளந்தாள், தையலுக்குத் தையல் இடைவெளியை அளந்தாள். தன் கையை அளக்கவில்லை. ஷூவில் மடிப்பு அழகுக்கு. இதில் ஒரு ஆளின் முழு எடையும் அந்த மடிப்பில்தான் வந்து நிற்கிறது.

வாரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி குடிக்கா" என்று சைரா டம்ளரை நீட்டினாள். டம்ளர் பல்லில் தட்டிச் சத்தம் கேட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாரை எடுத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்கே போய்விட்டாள். அன்பரசன் அதைச் செயின் புல்லிக் கொக்கியில் மாட்டி, கீழே ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டான். வார் அசையவில்லை.

"தோ பாரு. தொங்குது. சும்மா பேஜார் பண்ணாத."

"தூக்கி விடு. ஒரு சாண் தூக்கி விடு."

தூக்கி விட்டார்கள். தாங்கியது. மறுபடி விட்டார்கள். தாங்கியது. மூன்றாவது தடவை துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மூட்டை தரையில் விழுந்து வாய் பிளந்தது. அன்பரசன் கையில் பிய்ந்த மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

ஃபீபியை அழைத்து வந்த ஆபீஸ்காரர் லீவில் போயிருந்தார். அவளிடம் இருந்தது ஆராய்ச்சிக்கூடத்தின் நம்பர் மட்டும். டெலிபோன் பூத்திலிருந்து நாலு தடவை போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் பூசைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை போட்டாள். சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கோயிலில் முன்வரிசையில் ஊன்றுகோலோடு நின்ற ஒரு கிழவியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, பையர் வருகிற நாள் என்றும் பார்க்காமல், காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். சாலையை அகலப்படுத்துகிற வேலை நடந்த சமயம். பள்ளிகொண்டா தாண்டி ஒரு ஜல்லி லாரி குறுக்கே நின்றுவிட, பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. கண்டக்டரிடம், "அண்ணே, எப்ப எடுப்பீங்க?" என்று ஐந்தாவது தடவை கேட்டாள்.

"இன்னா தாயி, பிரசவமா?"

"ஒருத்தர் விழுந்துடுவாருண்ணே."

கண்டக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் மாடிப்படி ஏறியபோது மணி ஒன்பதே முக்கால். கதவில், 'பதிவு நடக்கிறது. பேசாதீர்கள்' என்று ஒரு அட்டை தொங்கியது. தள்ளினாள். உள்ளே பாதி இருட்டு. நடுவில் ஒரு இரும்புப் பலகை. அதன்மேல் ஒல்லியாக ஒரு பெரியவர், வெள்ளைத் தாடி, கட்டம்போட்ட கைலிக்கு மேல் அவள் தைத்த ஹார்னஸ். தலையில் கருப்பாக ஒரு கனத்த பெட்டியும் அதிலிருந்து தொங்கும் ஒயர்களும். தோளிலிருந்து இரண்டு கயிறு கூரைக்குப் போயின, ஒரு சாண் தளர்வோடு. பின்னால் தரையில் ஒரு மெத்தை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஃபீபி திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பேசாதே.

சவுரியம்மாள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். ஏனென்றால் அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது: கத்தினால் பெரியவர் திடுக்கிடுவார், திடுக்கிட்டால் விழுவார், விழுந்தால் அந்த ஒன்றரை மில்லியில்தான் விழுவார்.

தோளைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு கையாலும் எதையோ கிழிப்பது போலக் காட்டினாள். ஃபீபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, திரையின் மூலையில் ஓடிய எண்ணைச் சுட்டிக் காட்டினாள். தொண்ணூறு நொடியில் நாற்பத்தொன்று போயிருந்தது. திரையில் தூண்கள் வைத்த நீளமான ஹால் ஒன்று மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே பெரியவரின் பாரத்தைக் காட்டுகிற கோடு புழு மாதிரி நெளிந்தது.

சவுரியம்மாள் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு, மூச்சை அடக்கி, மெத்தைமேல் ஏறிப் பெரியவரின் பின்னால் போய் நின்றாள். தொடவும் பயம், தொட்டாலும் திடுக்கிடுவார். அவர் இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை தள்ளிக் கையை வைத்துக்கொண்டாள். அவர் முன்னால் போனால் கையும் முன்னால் போனது. பின்னால் வந்தால் கையும் வந்தது. கண்ணுக்கு நேரே வலது தோள் மடிப்பு. அதில் நூலிழை மாதிரி ஒரு வெள்ளைக் கீறல் ஏற்கெனவே விழுந்திருந்தது. அவள் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்து, ஜெபத்தின் இரண்டாவது வரி மறந்துபோய், முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஹால் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பெரியவரின் குதிகால் எழும்பியது. "யா அல்லா" என்று மெல்லச் சொன்னார். அப்படியே மல்லாந்து வந்தார்.

கயிறு விறைத்தது. அவள் காதருகே, சனிக்கிழமை கேட்ட அதே சத்தம். இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வலது கயிறு தளர்ந்து, இருவரும் ஒரு பக்கமாகச் சுழன்று, அவள் மெத்தையில் விழுந்தாள், அவர் இடது கயிற்றில் பாதி தொங்கியபடி அவள்மேல் சாய்ந்தார்.

"யாருப்பா அது, என்னைப் புடிச்சது?" என்றார் பெரியவர், பெட்டியைக் கழற்றாமலே. "இந்தக் கூடத்துல பேய் கீயி கீதா?"

ஃபீபி ஓடி வந்தாள். அவருடைய பெட்டியையும் ஹார்னஸையும் கழற்றி, கை காலைத் தொட்டுப் பார்த்து, "பாய், அடிபட்டுச்சா? தலை சுத்துதா?" என்று கேட்டாள். பெயர் அப்துல் சமத். பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில் முப்பது வருஷம் வேலை செய்து நின்றுபோனவர். வீட்டில் இரண்டு தடவை விழுந்ததால் இங்கே வந்தவர். அவருக்கு ஒன்றுமில்லை. சவுரியம்மாளுக்கு முழங்கை தோல் உரிந்திருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மெத்தையில் உட்கார்ந்தபடியே, முக்கால்வாசி பிய்ந்து தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு, சைரா பாராட்டியதிலிருந்து அரிசி மூட்டைவரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஃபீபியின் முகம் வெளுத்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரம் ஆறு பேர் இதுல நின்னாங்கக்கா. ரெண்டு பேர் விழுந்தாங்க." "நான் டெஸ்ட் பண்ணேனே. எம்பது கிலோ மணல் மூட்டை. ஒரு நாள் ஃபுல்லா தொங்குச்சு."

"தொங்குச்சும்மா. விழலயே."

அப்துல் சமத் பிய்ந்த வாரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். தோல்காரர், அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"தங்கச்சி, நல்லா சீவிக்கீற" என்றார். "தோலு நல்ல தோலு. பாவம், அது இன்னா செய்யும்." பிறகு ஃபீபியிடம், "என் கணக்கு இன்னா ஆச்சு? பாஸா ஃபெயிலா? திரும்ப வரணுமா?" என்றார்.

"வருவீங்களா பாய்?"

"பெல்ட்டு மாத்தினா வர்றேன். அந்த ஹால் நல்லாத்தான் கீது. எங்க ஷெட்டு மாதிரி நாத்தம் கெடையாது."

ஃபீபி அன்றே நடந்ததை எழுதி மேலே கொடுத்தாள். தான் பார்க்கத் தவறியதையும் சேர்த்தே எழுதினாள். ஆராய்ச்சி ஒரு மாதம் நின்றது. போலீஸ் வரும் என்று சவுரியம்மாள் நினைத்தாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள். வந்தது ஃபீபியின் போன், கம்பெனி ஆபீஸ் வழியாக.

"இன்னொண்ணு தைக்கறீங்களாக்கா?"

"நானா?"

"எங்க பிய்யும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

இந்தத் தடவை சீவுகிற கத்தியைச் சைராவிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்றாள். இரண்டு தடவை அவள் கை கத்தியைத் தேடி மேசையைத் துழாவியது. சைரா, "இன்னாக்கா தேடற?" என்று கேட்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நாலு மில்லித் தோலை ஈரப்படுத்தி, வளையத்தில் சுற்றி, சுத்தியால் அடித்து மடித்து, மேலே இன்னொரு துண்டு வைத்து மூன்று வரிசை தைத்தாள். மடிப்பு கட்டைவிரல் தடிமனுக்குப் புடைத்து நின்றது. சைரா மூக்கைச் சுளித்தாள். "ச்சீ. மாட்டுக்குக் கட்டற மாதிரி கீது." சவுரியம்மாளுக்கும் அப்படித்தான் இருந்தது. பார்க்கவே கூசியது.

செப்டம்பர் கடைசியில் அவளே அதை வேலூருக்குக் கொண்டு போனாள். எண்பது கிலோ மணல் மூட்டையை ஒரு சாண் தூக்கி இருபது தடவை விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மடிப்பைக் கேஜில் பார்த்தாள். ஃபீபி, "போதும்க்கா, நாளைக்கு நான் விழுந்து பாக்கறேன்" என்றாள்.

"நான் விழறேன்."

"உங்களுக்கு ஸ்டூல் மேல ஏறவே பயம்னு சைரா சொன்னாளே."

"ஆமா. பயம்தான். மாட்டு."

ஃபீபி மாட்டினாள். தொடை வாரை இறுக்கினாள், தோள் வாரை இறுக்கினாள். கனத்த பெட்டி தலையில் இறங்கியதும் ஆராய்ச்சிக்கூடம் மறைந்து, தூண் வைத்த ஹால் வந்தது. சுவர் சாய்ந்தது. சவுரியம்மாள் கால் விரல்களால் பலகையைக் கவ்வினாள். விழத்தான் வந்திருக்கிறோம் என்று மனசுக்குள் சொன்னாள். உடம்பு கேட்கவில்லை. முழங்காலும் இடுப்பும் கழுத்தும் ஒரே கட்டையாக இறுகி நின்றன. ஹால் மூன்று தடவை சாய்ந்தும் அவள் விழவில்லை.

"பயந்தவங்க இப்படித்தான் நிப்பாங்கக்கா" என்றது ஃபீபியின் குரல், எங்கிருந்தோ. "ஆனா ரொம்ப நேரம் நிக்க முடியாது. எறக்கிடட்டுமா?"

"வேணாம். இன்னும் ஜாஸ்தியா சாய்."

ஹால் மொத்தமாகக் கவிழ்ந்தது. தரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனது. குதிகால் பலகையை விட்டது. அந்த ஒரு சாண் தூரம் அவள் வாழ்நாளில் பயந்த பயமெல்லாம் சேர்ந்த நீளம் இருந்தது. வாயிலிருந்து ஒரு கத்தல் வெளியே வந்தது. பிறகு இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் ஒரு இழுப்பு, தொடையில் ஒரு இறுக்கம். கால் அந்தரத்தில்.

பிய்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கயிறு மட்டும் லேசாகக் கிறீச்சிட்டு ஆடியது. கையைத் தூக்கி வலது தோள் மடிப்பைத் தடவினாள். தடித்து, முரட்டுத்தனமாக, முழுசாக இருந்தது. இடதைத் தடவினாள்.

"எறக்கறேன்க்கா."

"இரும்மா." அவளுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. "இது பின்னாடி விழுந்தது. முன்னாடி விழற ஆளும் வருவாங்க இல்ல? நிக்க வை. இன்னொரு வாட்டி ஆட்டு."